திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

எங்கள் கொட்டகையில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் பார்த்த ஒரே மனுஷி இருதயமேரி அம்மாள்தான். பார்த்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். புதுச்சேரிப் பையன்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர்களை இங்கே எழுதினால் இந்தக் காகிதம் கூசும். ஒன்றிரண்டு நான் வைத்ததும் உண்டு. ஆனால் அந்த அம்மாளைப் பற்றி ஊரில் அடிபட்ட பேச்சில் பாதிக்கு மேல் புளுகு. வாராவாரம் மிஷின் அறை ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படம் ஓட்டியவன் நான். என்னைவிட வேறு யார் எழுதுவது?

என் பெயர் வடிவேல். மூலக்குளத்துக்காரன். எங்கள் வீட்டில் எல்லாரும் வயலில் இறங்கினார்கள், நான் மட்டும் மிஷினைப் பிடித்துக்கொண்டேன். ரயிலடிக்குப் பக்கத்தில் கிருஷ்ணசாமி முதலாளி தகரக் கொட்டகை போட்ட நாளிலிருந்து அங்கே படம் ஓட்டினவன் நான்தான்.

எங்கள் ஊரில் வியாழக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. அது பிரெஞ்சுக்காரன் வழக்கம். அதனால் வியாழன் மத்தியானம் எங்கள் கொட்டகை பிள்ளைகளால் நிரம்பி வழியும். பேசாத படம் ஓடிய காலத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. படம் பேச ஆரம்பித்ததும் மாதா கோயில் சாமியாருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மீசை அரும்புகிற பையன்களும் தாவணி போட்ட பெண்களும் என்னத்தைப் பார்க்கிறார்களோ, என்னத்தைக் கேட்கிறார்களோ என்று. சாமியாரே வந்து சினிமாக் கொட்டகையில் உட்கார முடியுமா? ஆகவே இரண்டு பேரை நியமித்தார். புதன்கிழமை மத்தியானம் அவர்களுக்கு மட்டும் படத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்வதை வைத்து, கோயில் வாசல் பலகையில் ஒரு ரிப்பன் தொங்கும். வெள்ளை என்றால் பிள்ளைகள் பார்க்கலாம். நீலம் என்றால் கலியாணம் ஆனவர்களுக்கு மட்டும். கறுப்பு என்றால் கிறிஸ்தவ வேதக்காரர் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

அந்த இருவரில் ஒருவர் பிரான்சுவா முசியே. கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை, வெள்ளித் தலைப்பிடி வைத்த கைத்தடி, இரண்டு காதும் சுத்தமாக டமாரம். இன்னொருவர் இருதயமேரி அம்மாள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவர். விதவை. அந்நிய ஆணோடு உட்கார்ந்து திரையில் ஆடுவதையெல்லாம் ஒரு விதவை பார்ப்பதாவது என்று கோயிலில் சிலர் முணுமுணுத்தார்கள். சாமியார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முசியே பார்ப்பார், அம்மாள் கேட்பார். ஒருவர் கண், ஒருவர் காது.

இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் வேலை கச்சிதமாக நடந்தது. அம்மாள் திரைக்கு முதுகைக் காட்டி, என் மிஷின் அறையைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்சில் உட்காருவார். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு, மடியில் பின்னல் வேலை. ஆகாத பேச்சு ஏதாவது காதில் விழுந்தால் கத்தரிக்கோலால் பெஞ்சில் ஒரு தட்டு. முசியே கண்ணுக்கு ஆகாதது ஏதாவது வந்தால் கைத்தடியைத் தூக்குவார். தட்டினாலும் தூக்கினாலும் நான் ஓடுகிற சுருளில் ஒரு காகிதத் துண்டைச் செருகுவேன். பிறகு அந்த இடத்தில் வெட்டி ஒட்டுவேன். வெட்டிய துண்டுகளை முசியே ஒரு பிஸ்கோத்து டப்பாவில் எண்ணி வாங்கிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பின்புறம் வைத்து எரிப்பார்கள். பிலிம் சுருள் தீப்பிடித்தால் வெடி மருந்து மாதிரி பிடிக்கும். முதல் ஞாயிறு முசியேவின் மீசையில் பாதி போயிற்று. நான் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அம்மாளுடைய கத்தரிக்கோலுக்கு இரக்கமே கிடையாது. "வாடி என் கண்ணே" என்றால் ஒரு தட்டு. "மாமா" என்று கொஞ்சம் இழுத்துச் சொன்னால் ஒரு தட்டு. அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அவருடைய ஒரே மகள் அகஸ்டினா.

இருதயமேரி அம்மாளின் புருஷன் சவரிராயன் சைகோனில் வேலைக்குப் போய், அங்கேயே காலராவில் இறந்தவர். சமாதி எங்கே என்றுகூட இங்கே யாருக்கும் தெரியாது. அப்போது அகஸ்டினா கைக்குழந்தை. அம்மாள் ஊசியும் நூலுமாகவே அவளை வளர்த்தார். அகஸ்டினா ஊசிக்கு அடங்கிய பெண் இல்லை. கோயில் மைதானத்தில் பையன்களோடு சடுகுடு ஆடுவாள். நானே பார்த்திருக்கிறேன். சடுகுடுவில் எதிராளி கோட்டுக்குள் பாடிக்கொண்டே போக வேண்டும், மூச்சு விடக் கூடாது, விட்டால் ஆள் அவுட். அந்தப் பெண்ணுக்கு மூச்சு எங்கிருந்துதான் வருமோ! நாலு பையன்கள் காலையும் இடுப்பையும் பிடித்து அமுக்குவார்கள். மண்ணில் முகம் புதைந்து கிடக்கும். பாட்டு மட்டும் நிற்காது. அந்தப் பாட்டும் அவளே கட்டியதுதான்.

"குருத்தோலை குருத்தோலை, கோயிலுக் குருத்தோலை, கொண்டாறேன் கொண்டாறேன், குனிஞ்சு நில்லு குருத்தோலை..."

இதற்காக அவள் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. குருத்தோலை ஞாயிறு அன்று மந்திரித்துக் கொடுக்கிற ஓலை. அதை வீட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். அதையா சடுகுடுவுக்குப் பாடுவது? அம்மாள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் அதே பாட்டு மைதானத்தில் கேட்கும். கோயில் பாட்டுக் குழுவிலும் அவள்தான் நீளமாக இழுப்பாள். மாசேர்கள் என்று நாங்கள் சொல்லும் கன்னியாஸ்திரிகள் அவளை மட்டும் தனியே நிறுத்திப் பாடச் சொல்வார்களாம்.

பதினெட்டு வயதில், ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியின் ஆர்மோனியக்காரனோடு அவள் மெட்ராசுக்குப் போய்விட்டாள். சினிமா பார்த்துத்தான் கெட்டாள் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. அம்மாள் அவளை ஒரு படத்துக்குக்கூட விட்டதில்லை என்பது கொட்டகைக்காரன் எனக்குத் தெரியும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? அம்மாளே ஊர் சொன்னதை நம்பிவிட்டார் என்பதுதான் கொடுமை. சாமியாரிடம் போய், மற்ற பிள்ளைகளாவது தப்பட்டும், எனக்கு இந்த வேலையைக் கொடுங்கள் என்று அவராகவே கேட்டு வாங்கினார். மூன்று வருஷம் மகளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது.

முப்பத்தேழாம் வருஷம் மழைக்காலம் முடிந்து, மெட்ராசிலிருந்து "சடுகுடு சம்பந்தம்" என்று ஒரு சிரிப்புப் படம் வந்தது. பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுகிற துண்டுப் படம். இரண்டு ஊர்ப் பெண்களுக்குள் சடுகுடுப் போட்டி. காதலியைப் பார்ப்பதற்காக ஒருத்தன் புடவை கட்டிக்கொண்டு பெண்கள் கட்சியில் சேர்கிறான். ரவிக்கைக்குள் இரண்டு கொட்டாங்கச்சி வைத்திருக்கிறான். ஆட்டத்தில் அவனைக் கட்டிப் பிடிக்கிறார்கள், கொட்டாங்கச்சி உருண்டு வெளியே வருகிறது. பேச்செல்லாம் ஒன்று சொன்னால் இன்னொன்று தோன்றுகிற பேச்சு. மெட்ராசில் சனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.

செவ்வாய்க்கிழமை முதலாளியும் நானும் ஓட்டிப் பார்த்தோம். புடவையைக் கச்சம் வைத்துக் கட்டிய ஒரு பெண் கோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். எனக்குக் கை நின்றுவிட்டது.

"மொதலாளி, அது யாருன்னு தெரியுதா?"

"யார்டா?"

"தையக்கார அம்மா பொண்ணு. அகஸ்டினா."

முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டு, "அந்தம்மாதான் திரும்பிப் பாக்காதே. முசியே கண்ணாடிக்கு எல்லாப் பொம்பளையும் ஒண்ணுதான். நீ வாய மூடிக்கினு ஓட்டு" என்றார்.

எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அம்மாள் பார்க்க மாட்டார் என்று நினைத்தோம். அவர் அங்கே உட்கார்வதே கேட்பதற்காகத்தான் என்பது எங்கள் மர மண்டையில் ஏறவில்லை.

புதன் மத்தியானம் வழக்கம்போல இருவரும் வந்தார்கள். கறுப்புத் துணியை இழுத்துவிட்டு மிஷினை ஓட்டினேன். ஆரம்பத்திலேயே மூன்று தட்டு, மூன்று காகிதம். முசியே புடவை கட்டிய ஆளைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மாள் தலை குனிந்து பின்னிக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தக் குரல் வந்தது.

"குருத்தோலை குருத்தோலை, கோயிலுக் குருத்தோலை..."

பின்னல் ஊசி நின்றது. கத்தரிக்கோலை எடுத்தவர் தட்டவில்லை. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. முசியேவின் தடி மெள்ள எழுந்தது. அவருக்கு வயதாகிவிட்டது, தடி மேலே வருவதற்குள் இரண்டு அடி படம் ஓடிவிடும். நான் காகிதத்தைச் செருகினேன். குரல் போய்க்கொண்டே இருந்தது. கொண்டாறேன், கொண்டாறேன். அம்மாள் வாயைப் பார்த்தேன். சத்தமில்லாமல் அவரும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சும் விடவில்லை. அவரும் மகளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது, பாட்டு முடிந்து அவர் மார்பு மேலும் கீழும் ஏறி இறங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது.

படம் முடிந்து விளக்குப் போட்டேன். "வடிவேலு" என்று கூப்பிட்டார். "அந்த சடுகுடு வர எடத்த இன்னொரு வாட்டி போடு."

எந்தப் படத்தையும் அவர் இரண்டாம் தடவை கேட்டதில்லை. முசியே காதில் கையை வைத்து, "என்ன மதாம்? என்ன?" என்றார். நான் சுருளைத் திருப்பிப் போட்டேன். குரல் ஆரம்பித்ததும் அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். திரைப் பக்கம் திரும்பினார்.

அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகம். இப்போது முதுகு மட்டும் தெரிந்தது. திரையில் நாலு பெண்கள் அகஸ்டினாவை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அவள் கெண்டைக்கால் தெரிய மண்ணில் ஊர்ந்து ஊர்ந்து, பாட்டை விடாமல் கோட்டை நோக்கிக் கையை நீட்டினாள். விரல் கோட்டைத் தொட்டது. தலையைத் தூக்கிச் சிரித்தாள். பெரிய சிரிப்பு. சின்னப் பெண்ணாக இருந்தபோது எப்படிச் சிரிப்பாளோ அப்படி. அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் தீர்ப்பு. முசியே உற்சாகமாக இருந்தார். செவிடர் ஆகையால் எல்லாவற்றையும் கத்தித்தான் பேசுவார்.

"அந்த ஆம்பள புடவ கட்னது சிரிப்புத்தான், தப்பில்ல. கொட்டாங்கச்சி விழறதும் பரவால்ல, புள்ளைங்க சிரிக்கட்டும். ஆனா நடுவுல ஒரு பொண்ணு கால காட்டிக்கினு மண்ணுல பொரளுது பாருங்க, அதான் ஆகாது. பதினாலு பதினஞ்சு வயசுப் புள்ளைங்க அத பாக்கவே கூடாது. அத வெட்டிட்டா வெள்ள ரிப்பன். என்ன சொல்றீங்க மதாம்?"

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. இரண்டு கொட்டாங்கச்சியை ரவிக்கையில் வைத்துக்கொண்டு ஆபாசமாக ஆடுகிற தடியன் ஆகுமாம். மூச்சு விடாமல் ஓடி ஜெயிக்கிற பெண் ஆகாதாம். அம்மாள் என்ன சொல்லப்போகிறார் என்று ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்தால் முசியே அடங்கிவிடுவார்; இருவரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் செல்லும்.

"வெட்டிடுங்க" என்றார் அம்மாள்.

முசியே கிளம்பிப் போனதும் அவர் மிஷின் அறைப் படி ஏறி வந்தார். அதுவரை அந்தப் படியை மிதித்ததில்லை. நான் கத்தரியை எடுத்துவைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"ஒனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்மா."

"வெட்டு."

"எதுக்கும்மா? வேணாம்னு சொல்லியிருக்கலாம். கறுப்பு ரிப்பன் கட்டிட்டுப் போறது."

"கறுப்பு கட்டினா சாயங்கால ஆட்டத்துக்குத் தகரத்துக்கு அடியில பூந்து வருவானுங்க. எனக்குத் தெரியாதா? இந்த மூணு வருசம் நான் கறுப்பு கட்டின படமெல்லாம் அவனுங்க பாத்தது எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கியது. "அவளப் பாத்து விசில் அடிப்பானுங்க வடிவேலு. இந்த ஊர்ப் பசங்க. அவ கூட ஆடின பசங்க. எம் பொண்ண பாத்து விசில் அடிக்கறத நான் கேக்க மாட்டேன்."

அந்தப் படம் பிள்ளைகளுக்கு ஆகுமா என்றுதான் எல்லாரும் பார்த்தோம். அந்தப் பெண்ணுக்கு இந்தப் பிள்ளைகள் ஆவார்களா என்று அவளைப் பெற்றவள் பார்த்தாள். காகிதம் இருந்த இடத்தில் வெட்டினேன். விரல் கோட்டைத் தொட்டு, சிரிப்பு முடிகிற இடத்தில் இன்னொரு வெட்டு. துண்டைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை விரித்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகம் அளவு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அகஸ்டினா.

"நீங்களே வச்சுக்குங்கம்மா. முசியே டப்பாவுல நான் வேற ஏதாச்சும் துண்டு போட்டுடறேன்" என்றேன்.

"ஐயோ, வேணாம். வீட்ல வச்சு யார் கண்ணுலயாவது பட்டா? இது எதுக்கு எனக்கு? அவ உசுரோட இருக்கா, அது போதும். நேர்ல பாத்துக்கறேன்." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. அந்த அம்மாள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "எங்க இருக்கான்னு மட்டும் ஒங்க மொதலாளிய வெசாரிக்கச் சொல்லு. நானே மெட்ராசுக்குப் போறேன்."

வியாழன் ஆட்டத்துக்கு வெள்ளை ரிப்பன். கொட்டகை கொள்ளவில்லை. சடுகுடு வந்தது. அகஸ்டினா ஓடி வந்தாள், "குருத்தோலை" என்று ஆரம்பித்தாள், உடனே காணாமல் போனாள். அடுத்த கணம் கொட்டாங்கச்சிகள் தரையில் உருண்டன. எப்படி விழுந்தன என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கவலையில்லை. பிள்ளைகள் கூரை பிய்கிற மாதிரி சிரித்தார்கள்.

இங்கே மிஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படம் ஓடும்போது ஒரு கட்டம் முதலில் விளக்குக்கு முன்னால் வரும். ஒலியை எடுக்கிற இடம் அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும். அதனால் வெட்டி ஒட்டிய இடத்தில் ஆள் மறைந்த பிறகும் குரல் ஒரு நொடி கேட்கும். கொட்டாங்கச்சி உருளும்போது அகஸ்டினாவின் குரல் இன்னொரு தடவை "குருத்தோலை" என்றது. சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் அது கேட்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பின்புறம் அந்தத் துண்டையும் சேர்த்து எரித்தார்கள். நான் வேதக்காரன் இல்லையென்றாலும் அன்றைக்குப் போனேன். முசியே எட்ட நின்று நீளமான கம்பில் நெருப்பு வைத்தார். மீசைப் பாடம் மறக்கவில்லை. குப்பென்று ஒரு வெள்ளைச் சுவாலை, அவ்வளவுதான். அம்மாள் நிம்மதியாகத் தெரிந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் என்னிடம், அவளுக்கு மாங்காய் ஊறுகாய் பிடிக்கும், இப்போதே போட்டு வைத்தால் போகும்போது எடுத்துப் போகலாம் என்றார். ஒரு ரவிக்கையும் தைக்க ஆரம்பித்திருந்தார். அளவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "திரையில பாத்தேனே. கொஞ்சம் எளச்சிருக்கா" என்றார்.

படம் இரண்டு வாரம் ஓடியது. சுருளைத் திருப்பி எடுத்துப் போக மெட்ராஸ் கம்பெனியிலிருந்து இராமதாஸ் என்பவர் வந்தார். அம்மாளுக்கு நான் சொல்லி அனுப்பியிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்துவிட்டார். நல்ல புடவை கட்டியிருந்தார், பையில் அந்த ரவிக்கை. இராமதாஸ் சுருளை விரலில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய இடத்தில் விரல் நின்றது.

"யோவ் கிருஷ்ணசாமி, இந்தச் சடுகுடுப் பொண்ணு சீன ஏன்யா வெட்டினீங்க? படத்துலயே அதான்யா நல்லா இருந்துச்சு."

"அறுந்து போச்சுங்க" என்றார் முதலாளி.

"அறுந்து போச்சாம். அந்தப் பொண்ணு இருந்தா மறுபடி எடுக்கலாம். பாவம், அதுவும் போயிடுச்சு. படம் முடிஞ்ச மூணாம் மாசம் வெசக் காய்ச்சல்ல..."

நான் ஏதோ சாடை காட்டினேன். அதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். யாரிடம் சொல்கிறோம் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? முதலாளி தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாள் அழவில்லை, விழவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பழக்க தோஷம், திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். பையைத் திறந்து ரவிக்கையைப் பார்த்தார், மறுபடி மூடினார்.

"அந்தத் துண்டு இருக்குதா வடிவேலு?" என்றார்.

"எரிச்சிட்டாங்களேம்மா. நீங்களும் நின்னீங்க."

"ஆமா. நின்னேன்." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "எங்க வேதத்துல பொணத்த எரிக்க மாட்டாங்க வடிவேலு. மண்ணுலதான் வைப்பாங்க. அவங்கப்பா சைகோன்ல கெடக்காரு, அதுகூட மண்ணுதான். எங்கிட்ட வந்தது அந்த ஒரு துண்டு. அத நான் கொளுத்திட்டேனே. எம் பொண்ண நானே நெருப்புல வச்சிட்டேனே."

இராமதாசிடம் கொஞ்ச நேரம் அவகாசம் கேட்டேன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அவரே சொன்னார். நல்ல மனுஷன். சுருளை மிஷினில் ஏற்றினேன். முசியேவின் தடி மெள்ள எழுந்த புண்ணியத்தில் மிஞ்சின இரண்டு அடி அதில் இருந்தது. அம்மாளைத் திரையைப் பார்த்து உட்கார வைத்தேன். அகஸ்டினா கோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். "குருத்தோலை" என்றாள். மறைந்தாள். ஆள் இல்லாமல் குரல் மட்டும் இன்னொரு தடவை "குருத்தோலை" என்றது.

"ஆளு போன பொறவும் கேக்குதே" என்றார்.

"மிஷின் அப்படிம்மா."

"இன்னொரு வாட்டி."

எத்தனை வாட்டி போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பாட்டு அறுந்துபோகும். அவர் மட்டும் மீதிப் பாட்டை உதட்டுக்குள் சொல்லி, கோட்டைத் தொடுகிற இடம் வரை போய், அப்புறம்தான் மூச்சை விடுவார். முதலாளி வெளியே போய் நின்றுகொண்டார். கடைசியில் இராமதாஸ் வந்து என் தோளைத் தொட்டார். சுருளைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

அம்மாள் வாசல் வரை வந்தார். ஜட்காவில் டப்பாவை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் படம் மற்ற ஊர்களிலும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது, தஞ்சாவூர், திருச்சி, கொழும்பு என்று எனக்குத் தெரிந்த ஊர்களையெல்லாம் அடுக்கினேன்.

"அங்கல்லாம் அவள வெட்டியிருப்பாங்களா?"

வெட்டினார்களா, விட்டார்களா, எனக்கு எங்கே தெரியும்? "ஒரு ஊர்லயும் வெட்டலம்மா" என்றேன்.

"புள்ளைங்க பாத்திருப்பாங்க, இல்ல?"

"பாக்காம? கை தட்டியிருப்பாங்க." என்னவோ, அதோடு நிறுத்தத் தோன்றவில்லை. "விசிலும் அடிச்சிருப்பானுங்கம்மா."

ஜட்கா திரும்பி ரயிலடிப் பக்கம் போயிற்று. இருதயமேரி அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடிக்கட்டும்" என்றார். "நல்லா அடிக்கட்டும்."